புடவைக்குள் போன பக்கங்கள்

நான் புத்தகம் படிக்கிறவன் இல்லை. பத்தாவது பரீட்சை முடிந்த மறுவாரம் தறிக்குழியில் இறங்கினேன், அதோடு சரி. ஆனால் காஞ்சிபுரத்தில் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று இப்போது யார் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். பேருந்து நிலையத்துக்குள் வாரப் பத்திரிகையோடு மாத நாவலும் தொங்கும். கோயில் வாசல் கடைகளில் தோத்திரப் புத்தகமும் தல வரலாறும் கிடைக்கும். பள்ளிக்கூடத்தை ஒட்டிய கடைகளில் கைடு கிடைக்கும், கதைப் புத்தகம் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கல்யாண மண்டபத்தில் பத்து நாள் புத்தகக் கடை போடுவார்கள், போகிறவர்கள் பாதிப் பேர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு வருவார்கள். ஏனாத்தூர்ப் பக்கம் காலேஜ் முடித்துப் போகிற பிள்ளைகள் பழைய புத்தகத்தை வந்த விலைக்குத் தள்ளுவார்கள். மிச்சமெல்லாம் போனில். புடவைக்கு இந்த ஊரில் ஒரு தெருவுக்கு நாற்பது கடை. புத்தகத்துக்கு இப்படித்தான் அலைய வேண்டும்.

இத்தனையும் ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டேன். ஏன் என்று கேட்டால் என் மானம் போகும். பரவாயில்லை, சொல்கிறேன்.

வீட்டில் படிக்கிறவள் என் மனைவி. கையில் கிடைக்கிற எதையும் படிப்பாள். மளிகை கட்டி வந்த காகிதத்தைப் பிரித்து, பருப்பைக் கொட்டிவிட்டு, நின்றபடியே படித்து முடிப்பாள். கல்யாணத்துக்கு அப்புறம் தபால் வழியில் டிகிரி வாங்கினாள். மூன்று வருஷமாக அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறாள். இரண்டு முறை எழுதினாள், இரண்டு முறையும் கணக்கில் கோட்டை விட்டாள். இந்த முறை விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் விண்ணப்பமே போட முடியாது. இது எனக்குத் தெரியாததல்ல. தினமும் காதில் விழுந்ததுதான்.

அவள் புத்தகம் வாங்குவது பழைய பேப்பர் கடையில். அந்தக் கடையை நடத்துகிற அம்மாவுக்கு நல்ல கண். வந்து விழுகிற மூட்டையைப் பிரித்து இரண்டு குவியல் போடுவார். இடது பக்கம் படிக்கிற குவியல், வலது பக்கம் கட்டுகிற குவியல். முழுசாக, அட்டையோடு இருப்பது இடது பக்கம் போகும். பாதி கிழிந்தது, தலைப்பு இல்லாதது, போன வருஷத்து டைரி எல்லாம் வலது பக்கம். கைடு புத்தகம் என்றால் கடையில் கேட்கிற விலையில் கால்வாசிக்கு இடது குவியலில் கிடைக்கும். முன்னால் படித்தவர்கள் கோடு போட்டிருப்பார்கள், ஓரத்தில் கிறுக்கியிருப்பார்கள். அதுவும் நல்லதுக்குத்தான் என்பாள் அவள்.

நான் அதே கடைக்கு வலது குவியலுக்காகப் போகிறவன். நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து மடிக்கும்போது ஜரிகை ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் தாள் வைக்க வேண்டும். நிறைய பேர் செய்தித்தாளை வைத்துவிடுவார்கள். அது எனக்குப் பிடிக்காது. புது மை பட்டில் ஒட்டும், வெளிர் நிறமாக இருந்தால் ஊரெல்லாம் தெரியும். பழைய புத்தகத் தாள்தான் சரி. மை காய்ந்து கல்லாகியிருக்கும். எச்சில் தொடாமல் கட்டை விரலால் நாலு தேய் தேய்ப்பேன். விரலில் கருப்பு ஏறாவிட்டால் அந்தத் தாள் பாஸ். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மடிப்புக்குள் இத்தனை சுத்தமாகத் தாள் வைக்கிறவன் எங்கள் தெருவில் வேறு இல்லை என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். முதலாளி என்றால் எனக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த புடவையை வாங்கிக்கொள்கிறவர்.

ஆக, ஒரே கடையிலிருந்து இரண்டு பேரும் வாங்குவோம், ஒரே பையில் தூக்கி வருவோம். வீட்டுக்கு வந்ததும் அவளுடையது அலமாரிக்குப் போகும், என்னுடையது தறிக்குப் பக்கத்துப் பலகை மேல். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

அன்றைக்கு அறுக்க வேண்டியது ஒரு முகூர்த்தப் புடவை. சந்தன நிறம், அரக்குக் கரை, இரண்டு பக்கமும் கோர்வை. கோர்வை என்றால் கரைக்குத் தனி நாடா, அதாவது குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற கட்டை. வலது கரையை நான் பார்த்துக்கொள்வேன். இடது கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கிற வீடும் உண்டு. எங்கள் வீட்டில் அந்த ஆள் அவள்தான். காலையிலிருந்து வா வா என்று நாலைந்து தடவை கூப்பிட்டிருப்பேன். வருவாள், முக்கால் மணி நேரம் உட்காருவாள், நடுவில் எனக்கு இழை அறும், நான் அதை முடிச்சுப் போடுகிற நேரத்தில் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொள்வாள். மறுபடி கூப்பிடுவேன். மதியம் கடைசி முறை கூப்பிட்டபோது கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டேன். முதலாளி வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. அவள் கையிலிருந்த புத்தகத்தோடு ஓடி வந்தாள். வந்து உட்கார்ந்தாள். நெய்து முடித்தோம். அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.

நான் புடவையை அறுத்தேன். மடிக்க உட்கார்ந்து பலகையிலிருந்து மேலே இருந்ததை எடுத்தேன். பெரிய அளவுப் புத்தகம், நல்ல தடிமன். ஓரத்தில் பேனாவால் நிறைய எழுதியிருந்தது. பழைய புத்தகத்தில் யாராவது எழுதித்தான் இருப்பார்கள். தேய்த்துப் பார்த்தேன், அச்சு மையும் வரவில்லை, பேனா மையும் வரவில்லை. முன்பக்கத் தாள்கள் பழுத்திருந்ததால் நடுவில் வெள்ளையாக இருந்த இடமாகப் பார்த்து முப்பத்திரண்டு தாள் கிழித்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் அளந்து வைத்தேன். சாயங்காலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை அவள் அலமாரியைக் கலைத்தாள். படுக்கையைத் தட்டினாள். அப்புறம் பலகைக்கு வந்து, நடுவில் ஓட்டையாக இருந்த புத்தகத்தை எடுத்தாள். அதைத் திறந்து பார்த்தபடி நின்றாள். அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே அத்தனை இடைவெளி இருந்தது.

"இது இன்னா?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் செய்ய வேண்டியது என்ன, மன்னிப்புக் கேட்பது. நான் செய்தது வேறு.

"என் பேப்பர் மேல உன் புக்க ஏன் வெச்ச?"

"நீங்கதான கூப்ட்டீங்க. வா வான்னு கத்துனீங்க. கைல இருந்தத எங்க வெக்கிறது? தலைமேல வெச்சிக்கினு நாடா தள்றதா?"

"அதுல யாரோ கிறுக்கி வெச்சிருந்தாங்க. நான் பழசுன்னு நெனச்சேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யாரோவா? அது என் எழுத்து."

நான் குனிந்து, பலகையிலிருந்த மற்றத் தாள்களை நேராக அடுக்கினேன். 

"ரோட்ல போற பொடவையப் பாத்து இது இன்னாரு கைன்னு சொல்றீங்க. பத்தொம்போது வருசமா உங்க வீட்ல இருக்கறவ எழுத்து தெர்லயா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

உண்மையில் நான் அவள் எழுத்தைப் பார்த்ததில்லை. ரேஷன் கடையில் கையெழுத்துப் போடும்போது பார்த்திருப்பேன். மளிகைச் சீட்டெல்லாம் இப்போது போனில்தான். அவள் என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

தேர்வுக்கு நாற்பது நாள் இருந்தது. போனது கணக்குப் பகுதி முழுவதும்.

சரி, போனது புத்தகம், வாங்கினால் தீர்ந்தது என்று கிளம்பினேன். அப்படித்தான் இந்த ஊர்ப் புத்தகக் கடைகள் எனக்குப் பழக்கமாயின. பள்ளிக்கூடத்துப் பக்கக் கடையில் அந்தக் கைடின் புதுப் பதிப்பு இருந்தது. நான் அதை எங்கள் தொழில் வழக்கப்படி முதலில் திருப்பி, முதுகைப் பிரித்து, தையலா பசையா என்று பார்த்தேன். கடைக்காரர், "புடவைக் கடையில இருந்து வர்றீங்களா?" என்றார். தறியிலிருந்து என்றேன். வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல வரிசையே மாத்தியிருக்காங்க" என்று மேசையில் வைத்தாள்.

என் மகள் ஏனாத்தூரில் காலேஜ் முதலாம் ஆண்டு. அவளிடம் சொன்னேன். போனில் நாலு தட்டு தட்டினாள். "அப்பா, அதே எடிஷன் ஈ-புக்கா இருக்குதுப்பா. இப்பவே வந்துரும்" என்றாள். வந்தும் விட்டது. தறியில் ஒரு இழை முடிகிற நேரம் கூட ஆகவில்லை. மனைவி அதை வாங்கிக் கணக்குப் பகுதிக்கு விரலால் தள்ளிக்கொண்டே போனாள். அதே பக்கங்கள், அதே அச்சு, ஓரமெல்லாம் சுத்தமாக வெள்ளை. போனை மகளிடமே திருப்பிக் கொடுத்தாள். விட்டேனா? மகளோடு படிக்கிற பெண்ணின் அக்காவிடம் பழைய பிரதி இருப்பதாகக் கேள்விப்பட்டு அதையும் வாங்கிவந்தேன். அதில் அந்தப் பெண் ஓரங்களில் பூ வரைந்திருந்தாள்.

இரண்டு புத்தகமும் மேசை மேல் இருந்தன. அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "புக்கு கெடைக்குதுங்க. யார் இல்லைன்னா? மூணு வருசமா ஒவ்வொரு கணக்கும் எங்க தப்பு பண்றேன், எப்டி போட்டா வருதுன்னு நான் எழுதி வெச்சது அதுலதான் இருக்குது. அத்த எந்தக் கடைல வாங்குவீங்க?" என்றாள்.

அன்று மதியமே முதலாளி வீட்டுக்குப் போனேன். புடவை கடைக்குப் போய், கடையிலிருந்து கல்யாண வீட்டுக்கும் போய்விட்டது. என் முகம் போன போக்கைப் பார்த்து, புடவையில் குறை இருக்கிறதோ என்று அவர் பயந்துவிட்டார். தாள் விஷயம் என்றதும் சிரித்தார். கடைக்கு அனுப்பும் முன்பு பழைய தாளை உருவிவிட்டு அவர்கள் மெல்லிசு வெள்ளைத் தாள் வைத்துத்தான் அனுப்புவார்களாம். நான் இத்தனை வருஷம் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து வைத்ததெல்லாம் முதலாளி வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. உருவிய தாளெல்லாம் எங்கே என்றேன். சாக்கில் போட்டு, நிறைந்ததும் பழைய பேப்பர் கடைக்கு. நேற்றுத்தான் மூன்று சாக்கு போனது என்றார்.

அதே கடைதான். ஓட்டமாகப் போகப் பார்த்தவன் பாதி வழியில் நின்றேன். சாக்கைக் கொட்டினால் ஊரில் உள்ள நெசவாளர் அத்தனை பேரும் வைத்த தாள் கிடக்கும். அதில் எது அவள் எழுத்து என்று எப்படித் தெரியும்? ஒரு தரம் பார்த்தும் தெரியாமல் கிழித்தவன்தானே.

திரும்பி வீட்டுக்கு வந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒரு துண்டுத் தாளையும் பேனாவையும் நீட்டினேன்.

"இதுல எதுனா எழுதிக் குடு."

"எதுக்கு?"

"சாக்குல தேடணும். உன் எழுத்து எப்டி இருக்கும்னு பாத்துக்கணும்."

சொல்லும்போதே என் காது சுட்டது. கட்டிய மனைவியிடம் கையெழுத்து மாதிரி கேட்டு நிற்கிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, திண்டாடிக்கொண்டிருந்த என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'நேரம் மற்றும் வேலை' என்று எழுதினாள். போன பகுதியின் முதல் பாடத்துக்கு அதுதான் தலைப்பு. எழுத்து லேசாக வலது பக்கம் சாய்ந்திருந்தது. ரகரமும் றகரமும் கீழே நீளமாக இறங்கின. கொம்புகள் மட்டும் சின்னதாக, அவசரமாக. நெருக்கமாக எழுதுகிற கை.

பேப்பர்க் கடை அம்மா சாக்கைக் காட்டி, "கொட்டித் தேடிக்கோப்பா. ஆனா திருப்பி அள்ளி வெச்சிட்டுப் போகணும்" என்றார். ஒரு சாக்கு ஏற்கெனவே வலது குவியலிலிருந்து விற்றுப் போயிருந்தது. மிச்சம் இரண்டு. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எடுத்து, அந்தத் துண்டுத் தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுத்து, வக்கீல் ஆபீஸ் எழுத்து, யாரோ பாலுக்குக் குறித்து வைத்த எழுத்து. முதல் தாள் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. கிடைத்த பிறகு அந்தத் துண்டுத் தாள் தேவைப்படவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது. சாயங்காலம் வரை இருந்து பதினோரு தாள் எடுத்தேன்.

சாக்கை அள்ளி வைத்துவிட்டு, கடை வாசலில் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் படித்தேன். கணக்கு எனக்குப் பெரிதாகப் புரியவில்லை. ஒரு வேலையை ஒருவர் பன்னிரண்டு நாளிலும் இன்னொருவர் இருபத்திநாலு நாளிலும் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள் என்று ஒரு கேள்வி. அவள் அந்த இரண்டு பேரையும் அடித்துவிட்டு, 'அவர்', 'நான்' என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் கணக்கைப் போட்டு, 'எட்டு நாள்' என்று விடை எழுதி, அதற்குக் கீழே, 'அந்த எட்டு நாளும் சமையல் யார்?' என்று கேட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எதிர்க் கடையில் நின்றவர் என்னையே பார்த்தார்.

அப்புறம்தான் இன்னொன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் வரிக்கு நடுவே சின்னச் சின்னதாகக் குறுக்குக் கோடு. கோட்டுக்கு நேரே ஓரத்தில் ஒரு சொல். ஒன்றில் 'குக்கர்'. ஒன்றில் 'தண்ணீர் வந்தது'. ஒன்றில் 'பாப்பா பஸ்', பாப்பா என்றால் எங்கள் மகள். படிப்பு எங்கே நின்றது, எதனால் நின்றது என்று குறித்து வைத்திருக்கிறாள், திரும்பி வந்தால் அங்கிருந்து தொடர. மற்றக் கோடுகளுக்கெல்லாம் ஒரே சொல்தான். 'கூப்பிட்டார்.' அடுத்த கோடு, 'கூப்பிட்டார்.' ஒரு பக்கத்தில் ஆறு இடத்தில் இருந்தது. ஒரு கணக்கின் கேள்விக்கும் விடைக்கும் நடுவிலேயே இரண்டு.

குறை சொல்கிற எழுத்தாகவும் அது இல்லை. தண்ணீர் வந்தது என்பதை எழுதிய அதே பேனா, அதே அளவு. மூன்று வருஷமாக அவளுக்குக் கணக்கு வரவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வெட்கமாக இருந்தது. அதைவிட வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

பதினோரு தாளையும் அவளிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தாள். "பரவால்ல, முக்கியமானது வந்துருச்சி" என்றாள். அதில் எழுதியிருந்ததை நான் படித்தேன் என்று சொல்லவில்லை. மகள் செல்லோ டேப் போட்டுப் புதுக் கைடில் அங்கங்கே ஒட்டிக் கொடுத்தாள். போன இருபத்தோரு தாளில் நினைவிருந்ததை அவள் புதுப் புத்தகத்தின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள்.

தேர்வை எழுதிவிட்டாள். முடிவு வர நாளாகும் என்கிறார்கள். கணக்கு எப்படி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல இருப்பது தாளைக் கொடுத்த மறுநாள் காலை நடந்தது.

தறியில் அடுத்த புடவை. அதுவும் கோர்வைதான். இழையெல்லாம் சரிபார்த்துவிட்டேன், நாடாவில் ஜரிகை போட்டாயிற்று. அவள் வந்தால்தான் மேலே ஓடும். வாயைத் திறக்கப் போனேன், வரவில்லை. எழுந்து உள்ளே போனேன். அவள் சமையல்கட்டு ஓரம் சுவரில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கதவைப் பிடித்தபடி நின்றேன்.

"கூப்ட வந்தீங்களா?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"இல்ல. நீ படி."

"அப்றம் இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கீங்க?"

"சும்மாதான்."

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பேனாவை எடுத்து ஓரத்தில் என்னவோ எழுதிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். நான் திரும்பி வந்து, அறாத இழைகளையெல்லாம் அறுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அவளாக வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். மதியம் வரை நெய்தோம்.

அவள் குளிக்கப் போனபோது சமையல்கட்டுக்குப் போய் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்தின் மேல்பாதியில் ஒரு கோடு. ஓரத்தில், 'வந்தார். கூப்பிடவில்லை' என்று இருந்தது. அதற்குக் கீழே அந்தப் பக்கத்தில் வேறு கோடு இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை.